கடலூரில் போட்ட பணம் சிதம்பரத்தில் கிடைப்பது எப்படி?

பெரிய நிறுவனங்கள் சாப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பது, நிறுவுவது, பராமரிப்பது பற்றி ஓர் எளிய அறிமுகம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள வங்கிக் கிளையில் காலையில் பணம் கட்டுகிறீர்கள். பஸ் பிடித்து மதியம் சிதம்பரம் போய் இறங்குகிறீர்கள். மேல வீதியில் ஒரு ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகினால், காலையில் கட்டிய பணமும் சேர்ந்து இருப்பு காட்டுகிறது. இன்று இது யாருக்கும் வியப்பாக இல்லை. ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்பு இது நடக்காத காரியம். எந்தக் கிளையில் கணக்கு இருந்ததோ அந்தக் கிளையில்தான் பணம் எடுக்க முடியும். ஏனென்றால் உங்கள் கணக்கு எழுதப்பட்ட பெரிய லெட்ஜர் அந்தக் கிளையில்தான் இருந்தது. பிறகு கிளைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அப்போதும் நிலைமை உடனே மாறவில்லை. லெட்ஜர் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். கடலூர்க் கிளையின் கம்ப்யூட்டருக்குச் சிதம்பரம் கிளையின் கம்ப்யூட்டரைத் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்பியவை "என்டர்பிரைஸ் சிஸ்டம்" எனப்படும் பெரிய சாப்ட்வேர் அமைப்புகள். ஒரு நிறுவனத்தின் எல்லாக் கிளைகளும் எல்லாப் பிரிவுகளும் ஒரே டேட்டாபேஸைப் பயன்படுத்தி வேலை செய்வதே இதன் அடிப்படை. வங்கியில் இதற்குக் கோர் பேங்கிங் என்று பெயர். தொழிற்சாலைகளிலும் கம்பெனிகளிலும் இ.ஆர்.பி., அதாவது என்டர்பிரைஸ் ரிசோர்ஸ் பிளானிங் என்பார்கள்.

"புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எனக்கு இது எதற்கு?" என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, உங்கள் சம்பளம், சேமிப்பு, ரயில் டிக்கெட் எல்லாம் இந்த அமைப்புகளுக்குள்தான் இருக்கின்றன. இரண்டாவது, கோடிக்கணக்கில் செலவு செய்யும் நிறுவனங்கள் கடைப்பிடிக்கும் விதிகளில் பலவற்றை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் கடைக் கணக்கிலும் செலவில்லாமல் கடைப்பிடிக்கலாம். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கட்டம்: தேர்ந்தெடுத்தல்

நாம் கம்ப்யூட்டர் வாங்கும்போது பெரும்பாலும் விலையைத்தான் முதலில் கேட்கிறோம். பெரிய நிறுவனம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "நம்மிடம் என்னென்ன வேலைகள் நடக்கின்றன? அவற்றில் எது தடுமாறுகிறது?" என்பதே அது. இதற்காகக் கவுன்டரில் உட்காரும் ஊழியர் முதல் தலைமை அலுவலக அதிகாரி வரை எல்லோரிடமும் பேசி ஒரு தேவைப் பட்டியல் தயாரிப்பார்கள். அந்தப் பட்டியலை வைத்து டெண்டர் விடுவார்கள். வரும் கம்பெனிகளின் சாப்ட்வேர் தேவைகளை நிறைவேற்றுமா என்று தொழில்நுட்ப மதிப்பீடு செய்வார்கள். அதில் தேறியவற்றின் விலையை மட்டும் பிறகு பிரித்துப் பார்ப்பது அரசுத் துறைகளில் உள்ள வழக்கம்.

இதில் முக்கியமான முடிவு ஒன்று உண்டு. சாப்ட்வேரை நாமே எழுதுவதா, ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்குவதா? துணி எடுத்துத் தைப்பதா, ரெடிமேட் வாங்குவதா என்பது போலத்தான். இரண்டுக்கும் நம் நாட்டிலேயே நல்ல உதாரணங்கள் உள்ளன.

ரயில்வே சொந்தமாகத் தைத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் முன்பதிவு 1985-ல் டெல்லியில் தொடங்கியது. 1986-ல் ரயில்வே தகவல் அமைப்புகளுக்கென்றே கிரிஸ் என்ற நிறுவனத்தை அமைத்தார்கள். அது உருவாக்கிய கான்சர்ட் என்ற சாப்ட்வேர் மூலம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் 1999 ஏப்ரலில் ஒன்றாக இணைக்கப்பட்டன. சிதம்பரம் ஸ்டேஷன் கவுன்டரில் உட்கார்ந்து டெல்லியிலிருந்து புறப்படும் ரயிலுக்கு இடம் பிடிக்க முடிவது இந்த இணைப்பால்தான். இந்திய ரயில்வேயின் கோட்டாக்கள், காத்திருப்புப் பட்டியல், சலுகைகள் எல்லாம் நம் நாட்டுக்கே உரியவை. வெளிநாட்டு ரெடிமேட் சட்டை இதற்குப் பொருந்தியிருக்காது.

ஸ்டேட் வங்கி வேறு வழியில் போனது. சேமிப்புக் கணக்கும் கடன் கணக்கும் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். எனவே 2002-ல் கோர் பேங்கிங் திட்டத்தைத் தொடங்கியபோது ஆயத்தமாக இருந்த சாப்ட்வேரையே அது எடுத்துக்கொண்டது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் பொறுப்பேற்றது. சாப்ட்வேர் ஆஸ்திரேலியாவின் எப்.என்.எஸ். என்ற கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியையே 2005-ல் டாடா கன்சல்டன்சி வாங்கிவிட்டது. 2008-க்குள் வங்கியின் கிளைகள் எல்லாம் இணைக்கப்பட்டன.

அஞ்சல் துறை இரண்டு வழிகளிலும் நடந்து பார்த்திருக்கிறது. சேமிப்பு வங்கி, காப்பீட்டு வேலைகளுக்கு 2012-ல் இன்போசிஸையும், தபால், கணக்கு, ஊழியர் நிர்வாகம் ஆகியவற்றுக்கு 2013-ல் டாடா கன்சல்டன்சியையும் தேர்ந்தெடுத்தது. பின்னவர்களுக்கான ஒப்பந்தம் ரூ.1,100 கோடி. அதில் அடிப்படையாக இருந்தது ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. சாப்ட்வேர். பத்தாண்டுக்கு மேல் கழித்து, மைசூரில் உள்ள தனது சொந்தத் தொழில்நுட்ப மையத்தில் ஏ.பி.டி. என்ற புதிய அமைப்பை அஞ்சல் துறையே எழுதிக்கொண்டது. 2025 ஆகஸ்ட்டில் நாடு முழுவதும் 1,60,000-க்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் அதற்கு மாறின.

இதிலிருந்து தெரிவது என்ன? வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விற்றவரிடம் போய் நிற்க வேண்டும், ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட வேண்டும். சொந்தமாக எழுதினால் சுதந்திரம் உண்டு. ஆனால் எழுதியவர்களையும் பராமரிப்பவர்களையும் நாமே வைத்துக் காப்பாற்ற வேண்டும். எது சரி என்பது நிறுவனத்தின் வேலையைப் பொறுத்தது.

இரண்டாம் கட்டம்: நிறுவுதல்

வீட்டுக் கம்ப்யூட்டரில் சாப்ட்வேர் நிறுவ "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ்" என்று அழுத்தினால் போதும். பெரிய நிறுவனத்தில் இந்த வேலைக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். சாப்ட்வேரைச் சர்வரில் ஏற்றுவது இதில் சிறிய பகுதிதான். பெரிய தலைவலி பழைய டேட்டாவைப் புதிய அமைப்புக்குக் கொண்டுபோவது.

முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பதிவேட்டில் அவர் "எஸ். முருகன்". இன்னொன்றில் "முருகன் எஸ்". ஆதார் அட்டையில் "முருகன் சுப்பிரமணியன்". பிறந்த தேதி ஓரிடத்தில் சரியாக இருக்கிறது, இன்னோர் இடத்தில் ஜூன் 1 என்று குத்துமதிப்பாக எழுதியிருக்கிறது. லெட்ஜர் எழுதிய குமாஸ்தாவுக்கு இவர்கள் எல்லாம் ஒரே ஆள் என்று தெரியும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். இனிஷியலோடு வாழும் தமிழர்களுக்கு இந்தத் தொல்லையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. இந்த முரண்பாடுகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு டேட்டா கிளீனிங் என்று பெயர். இதை அவசரமாகச் செய்தால் பழைய தவறு புதிய அமைப்பில் நிரந்தரமாகிவிடும்.

தமிழக அரசின் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரூ.288.91 கோடி மதிப்பிலான இந்தத் திட்டம் விப்ரோ நிறுவனத்தின் மூலம் உருவாக்கப்பட்டு 2019 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. "களஞ்சியம்" என்ற பெயரில் இதை இப்போது அரசு ஊழியர்கள் அறிவார்கள். கடலூர் மாவட்டக் கருவூலத்துக்கும் சிதம்பரம் சார் கருவூலத்துக்கும் போகும் சம்பளப் பட்டியல்கள் இதன் வழியாகவே போகின்றன. இந்த அமைப்பு வேலை செய்ய, தமிழகம் முழுவதும் பல லட்சம் ஊழியர்களின் பணிப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருந்தது. பணியில் சேர்ந்த நாள், ஊதிய உயர்வு, எடுத்த விடுப்பு என்று எல்லாம் கையால் எழுதிய புத்தகங்கள். அதில் ஒரு வரி தவறினால் ஒருவரின் ஓய்வூதியம் குறையும். எனவேதான் பதிவான விவரங்களை ஊழியரே பார்த்துச் சரி சொல்லும் ஏற்பாடு இத்தகைய திட்டங்களில் அவசியமாகிறது.

டேட்டா தயாரானாலும் எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாற்ற மாட்டார்கள். முதலில் ஒரு சிறிய இடத்தில் சோதித்துப் பார்ப்பார்கள். இதற்குப் பைலட் என்று பெயர். அஞ்சல் துறை தனது புதிய அமைப்பை முதலில் கர்நாடகத்தில் ஓட்டிப் பார்த்தது. பிறகு வட்டம் வட்டமாக விரிவாக்கியது. மாறும் நாளில் அந்தந்தப் பகுதி அஞ்சலகங்களில் பரிவர்த்தனை இருக்காது என்று முன்கூட்டியே அறிவிப்பும் கொடுத்தது. டேட்டா இடம் மாறும்போது யாராவது பணம் போட்டால் அந்தப் பணம் பழைய கணக்கிலா, புதிய கணக்கிலா என்ற குழப்பம் வரும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஓய்வு நாள். வங்கிகள் இத்தகைய வேலையை வார இறுதியில் வைத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

சில நிறுவனங்கள் பழைய முறையையும் புதிய முறையையும் சில வாரங்கள் சேர்த்தே ஓட்டும். இதற்குப் பேரலல் ரன் என்று பெயர். இரண்டிலும் ஒரே விடை வந்தால்தான் பழையதை நிறுத்துவார்கள். ஊழியர்களுக்கு இரட்டை வேலைதான். ஆனாலும் அந்த இரட்டை வேலையில்தான் தவறுகள் வெளியே வருகின்றன.

அவசரப்பட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 11 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் மூன்று பெரிய சாப்ட்வேர்களை ஒரே நேரத்தில் நிறுவியது. 48 மாதங்கள் தேவை என்று மதிப்பிடப்பட்ட வேலையை 30 மாதங்களில் முடிக்க முயன்றது. 1999 ஜூலையில் புதிய அமைப்பு ஓடத் தொடங்கியது. அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைதான் அங்கே மிட்டாய் வியாபாரத்தின் உச்சம். நம் ஊர் ஸ்வீட் ஸ்டால் தீபாவளி ஆர்டர் குவியும் நேரத்தில் கணக்கு முறையை மாற்றியது போல ஆகிவிட்டது. குடோனில் சாக்லேட் இருந்தது. கடைகளிலிருந்து ஆர்டரும் வந்தது. ஆனால் ஆர்டரையும் சரக்கையும் சேர்த்து வைக்கப் புதிய அமைப்பால் முடியவில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் அனுப்பப்படாமல் நின்றன. ஆக, நல்ல சாப்ட்வேர் வாங்கினால் மட்டும் போதாது. எந்த நாளில் மாறுகிறோம் என்பதும் முக்கியம்.

மூன்றாம் கட்டம்: பராமரித்தல்

அமைப்பு ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அடுத்த பல ஆண்டுகளுக்கு அதைக் காப்பாற்ற வேண்டும். இதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, யாருக்கு எவ்வளவு அனுமதி என்பது. வங்கியில் பெரிய தொகை எடுக்கும்போது கவுன்டரில் இருப்பவர் பதிவு செய்துவிட்டு, உள்ளே இருக்கும் அதிகாரியைப் பார்த்து "பாஸ் பண்ணுங்க சார்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர். இருவரின் பெயரும் நேரமும் சர்வரில் பதிவாகும். பாஸ்வேர்டை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்று வற்புறுத்துவதும் இதனால்தான். சொல்லிவிட்டால் இந்தக் காவல் ஏற்பாடு முழுவதும் பயனற்றுப் போகும்.

இரண்டு, டேட்டாவின் பாதுகாப்பு. கடலூர் மாவட்டத்துக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல். 2015-ல் வெள்ளம். 2024-ல் பெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும். கணக்கெல்லாம் கிளையின் இரும்பு அலமாரியிலோ கிளையின் ஒரே கம்ப்யூட்டரிலோ இருந்தால், உள்ளே புகும் தண்ணீர் சேமிப்புக் கணக்குகளையும் கொண்டுபோய்விடும். கோர் பேங்கிங்கில் கிளை மூழ்கினாலும் கணக்கு மூழ்காது. டேட்டா வேறோர் ஊரில் உள்ள டேட்டா சென்டரில் இருக்கிறது. அதன் பிரதி ஒன்று அதற்கும் வெகு தொலைவில் இன்னொரு மையத்தில் இருக்கும். ஸ்டேட் வங்கி கோர் பேங்கிங்குக்கு மாறிய காலத்தில் முதன்மை மையம் மும்பைப் பகுதியிலும், மாற்று மையம் சென்னையிலும் அமைந்தன. இரண்டும் ஒரே புயலில் சிக்காத தூரம்.

இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. "லிங்க் இல்லை, சர்வர் டவுன்" என்ற அட்டையைக் கவுன்டரில் பார்த்திருப்பீர்கள். எல்லாம் மையத்தில் இருப்பதால், மையத்துக்குப் போகும் நெட்வொர்க் அறுந்தால் கிளை கைகட்டி நிற்கும். மையமே நின்றால் கடலூரும் சிதம்பரமும் சேர்ந்தே நிற்கும். இதனால்தான் முக்கியமான கிளைகளுக்கு இரண்டு வெவ்வேறு நெட்வொர்க் இணைப்புகளும், கரன்ட் போனால் ஓட யு.பி.எஸ்., ஜெனரேட்டர் ஆகியவையும் வைக்கிறார்கள்.

மூன்று, புகார்களைக் கேட்பது. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மறந்தால் விளைவு எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பதற்குப் பிரிட்டன் அஞ்சல் துறையின் கதை சாட்சி.

கம்ப்யூட்டர் சொன்னதால் சிறைக்குப் போனவர்கள்

பிரிட்டனில் சிறிய அஞ்சலகங்களைக் கமிஷன் அடிப்படையில் தனிநபர்கள் நடத்துகிறார்கள். 1999 முதல் அங்கே ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் அமைப்பு நிறுவப்பட்டது. வழங்கியது புஜிட்சு நிறுவனம். அந்த அமைப்பில் பிழைகள் இருந்தன. பெட்டியில் பணம் சரியாக இருந்தாலும், கணக்கில் பணம் குறைவதாகத் திரையில் காட்டியது. அஞ்சலகத்தை நடத்தியவர்கள் "நாங்கள் எடுக்கவில்லை" என்று சொன்னார்கள். "கம்ப்யூட்டர் தவறு செய்யாது" என்பதே பதிலாக வந்தது. குறைந்த தொகையைப் பலர் தங்கள் சேமிப்பிலிருந்து கட்டினார்கள். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள் போடப்பட்டன. சிலர் சிறைக்குப் போனார்கள். வீட்டை இழந்தார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். அமைப்பில் பிழைகள் இருந்ததை 2019-ல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2024-ல் தனிச் சட்டமே கொண்டு வந்து தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? பிழை இல்லாத சாப்ட்வேர் உலகில் கிடையாது. பிழை வந்தது கூட இங்கே பெரிய குற்றமில்லை. ஒரே மாதிரியான புகார் நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து வந்தும், திரையை நம்பி மனிதர்களை நம்பாமல் போனதுதான் குற்றம். தொலைவில் இருந்த சாப்ட்வேர் கம்பெனி ஊழியர்களால் அஞ்சலகக் கணக்குகளுக்குள் நுழைய முடியும் என்பதும் பின்னால் தெரிய வந்தது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவை யாரும் அழிக்க முடியாதபடி வைப்பதும், அதை வெளியார் தணிக்கை செய்வதும் ஏன் அவசியம் என்று இப்போது புரிகிறதல்லவா?

எனவே உங்கள் பாஸ்புக்கிலோ சம்பளப் பட்டியலிலோ ஒரு தொகை தவறாக இருந்தால், "கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். எழுத்து மூலம் புகார் கொடுங்கள், அதற்கு எண் வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டிலும் கடையிலும் நாம் செய்ய வேண்டியவை

இப்போது நம் கம்ப்யூட்டருக்கு வருவோம். கடைக் கணக்குக்கு டேலி போன்ற ஒரு சாப்ட்வேர் வாங்க நினைக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன விதிகளை இப்படிப் பயன்படுத்தலாம்.

1. முதலில் தேவைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பில் போடுவது, கடன் பாக்கி, சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. இவற்றில் உங்களுக்கு எது வேண்டும்? அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.

2. வாங்கும் முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். "நாளைக்கு வேறு சாப்ட்வேருக்கு மாறினால் என் டேட்டாவை எக்ஸெல் பைலாக வெளியே எடுக்க முடியுமா?" முடியாது என்றால் வேறு சாப்ட்வேர் பாருங்கள்.

3. பழைய நோட்டில் உள்ள பெயர்களையும் பாக்கியையும் சரிபார்த்த பிறகே ஏற்றுங்கள். ஒருவருக்கு ஒரே பெயர், ஒரே எழுத்துமுறை.

4. தீபாவளி, பொங்கல் நேரத்தில் மாறாதீர்கள். வியாபாரம் மந்தமான மாதத்தில் தொடங்கி, ஒரு மாதம் நோட்டையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டிலும் கணக்கு ஒத்துப்போனால் நோட்டை மூடலாம்.

5. வாரம் ஒருமுறை பேக்அப் எடுங்கள். பென் டிரைவில் எடுத்து அதே மேஜை இழுப்பறையில் வைத்தால், தண்ணீர் புகும்போது இரண்டும் சேர்ந்து போகும். ஒரு பிரதி உறவினர் வீட்டிலோ இன்டர்நெட் சேமிப்பிலோ இருக்கட்டும். எடுத்த பேக்அப்பை எப்போதாவது திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்அப்பை நம்ப முடியாது.

6. கடையில் இரண்டு பேர் வேலை செய்தால் இருவருக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் கொடுங்கள். பிழை வந்தால் யார்மீதும் வீண்பழி வராமல் இருக்க அதுவே வழி.

அடுத்த முறை கடலூரிலோ சிதம்பரத்திலோ வங்கிக் கவுன்டரில் வரிசையில் நிற்கும்போது, உள்ளே இருக்கும் அந்தத் திரையைக் கொஞ்சம் கவனியுங்கள். அதன் பின்னால் ஒரு தேர்வு, ஒரு இடமாற்றம், ஓயாத ஒரு பராமரிப்பு இருப்பது இப்போது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக உங்கள் பேக்அப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.